காரும் பையும்: போலீசார் வண்டியை நிறுத்தும்போது பயணிக்கு உள்ள உரிமைகள்

அமெரிக்காவில் வாழும் வாசகர்களும், பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு ஊரில் இருக்கும் பெற்றோரும் ஒரே பொருளைப் பற்றி எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் சேர்த்துப் பதிலளிக்கிறேன். ஓட்டுநரின் உரிமைகளைப் பற்றி ஓரளவு எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அதே காரில் அவருக்குப் பக்கத்திலோ பின்னாலோ அமர்ந்திருப்பவரின் நிலை சட்டத்தில் வேறு. அது பலருக்குத் தெரிவதில்லை.

கேள்வி: நண்பரின் காரில் நாங்கள் நால்வர் டல்லாஸிலிருந்து ஆஸ்டினுக்குச் சென்றுகொண்டிருந்தோம். வேக வரம்பை மீறியதாகப் போலீஸ் அதிகாரி ஒருவர் வண்டியை நிறுத்தினார். காரைச் சோதிக்கலாமா என்று அவர் கேட்டபோது நண்பர் சரி என்றார். டிக்கியில் இருந்த பையைக் காட்டி இது யாருடையது என்று கேட்டார். நண்பர் என்னைக் காட்டினார். நான் ஒன்றும் பேசவில்லை. பையைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, எதுவும் கிடைக்காததால் எச்சரித்து அனுப்பினார். நான் மறுத்திருக்கலாமா? மறுத்திருந்தால் சந்தேகம் கூடியிருக்காதா? (மாணவர், டல்லாஸ்)

பதில்: மறுத்திருக்கலாம். உங்கள் நண்பர் கொடுத்த சம்மதம் அவருடைய காருக்குத்தான் செல்லும். உங்களுடையது என்று தெரிந்த பிறகு உங்கள் பைக்கு அந்தச் சம்மதம் போதாது. டெக்சஸ் மாநிலத்தையும் உள்ளடக்கிய ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996-இல் ஜாராஸ் என்பவரின் வழக்கில் ஏறத்தாழ உங்களுடைய நிலைமையையே ஆராய்ந்தது. ஓட்டுநர் காரைச் சோதிக்கச் சம்மதித்தார். டிக்கியில் இருந்த பெட்டிகள் பயணியுடையவை என்றும் அதிகாரியிடம் சொன்னார். பயணி மறுப்பேதும் சொல்லாமல் நின்றார். அப்படி நின்றதைச் சம்மதமாகக் கொள்ள முடியாது என்றும், பிறருடைய பெட்டியைத் திறக்க அனுமதிக்கும் அதிகாரம் ஓட்டுநருக்கு இல்லை என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. ஆகவே உங்கள் மௌனத்தால் நீங்கள் உரிமையை இழந்துவிடவில்லை.

ஆனாலும் மௌனத்தை நம்பி இருக்க வேண்டாம் என்றே சொல்வேன். இந்தப் பொருளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் அடிப்படைத் தீர்ப்பு 1973-இல் வந்தது. கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் நள்ளிரவு கடந்து, முன்விளக்கு ஒன்று எரியாத காரில் ஆறு பேர் சென்றனர். ஓட்டுநரிடம் உரிமம் இல்லை. காரின் உரிமையாளருடைய தம்பி என்று சொன்ன ஒரு பயணியிடம் அதிகாரி சோதனைக்கு அனுமதி கேட்க, அவர் தாராளமாகப் பாருங்கள் என்றார். பின் இருக்கைக்கு அடியில் கசக்கி வைக்கப்பட்டிருந்த திருட்டுக் காசோலைகள் கிடைத்தன. தண்டனை பெற்றவர் புஸ்தமோன்தே என்ற வேறொரு பயணி. மறுக்கும் உரிமை உண்டு என்பதை அதிகாரி முன்கூட்டியே சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, சம்மதம் வற்புறுத்தலின்றித் தரப்பட்டதா என்பதைச் சூழ்நிலை முழுவதையும் வைத்துப் பார்த்தால் போதும் என்று நீதிமன்றம் கூறியது. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல், தேர்வு இருக்கிறது என்பதே தெரியாத ஒருவர் தேர்ந்தெடுத்ததாக எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தரப்படவில்லை என்பது என் கருத்து. போலீஸ்காரர் கேட்டால் இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இந்தத் தீர்ப்பு இன்னும் பாதகமானது. அதிகாரி கேள்வி கேட்கும் தொனியில் பேசினால் அவர் உங்கள் சம்மதத்தை நாடுகிறார் என்று பொருள். சம்மதம் தேவைப்படாத இடத்தில் பெரும்பாலும் அவர் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

மறுப்பது சந்தேகத்தை வளர்க்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதிகாரியின் மனத்தில் வளரலாம். சட்டத்தின் கண்ணில் வளராது. ஒத்துழைக்க மறுத்தது மட்டுமே சந்தேகத்துக்கு அடிப்படை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல், ஃப்ளோரிடா மாநிலத்தில் பேருந்துப் பயணி ஒருவரைச் சோதித்த வழக்கில், தெளிவாகக் கூறியுள்ளது. அடுத்த முறை கைகளை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், "ஆபீசர், தட் பேக் இஸ் மைன். ஐ டோன்ட் கன்சென்ட் டு எ சர்ச்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் திறந்தால் தடுக்காதீர்கள், கையைப் பிடிக்காதீர்கள், வாதாடாதீர்கள். நீங்கள் சொன்ன அந்த வாக்கியம் அவருடைய உடற்கேமராவில் பதிவாகியிருக்கும். வழக்கு என்று வந்தால் பேச வேண்டிய இடம் நீதிமன்றம்.

இந்த உரிமைக்கு ஓர் எல்லை உண்டு. காரில் குற்றப்பொருள் இருக்கிறது என்று நம்பத் தக்க காரணம் அதிகாரியிடம் இருந்தால், அவருக்கு யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. நீதிமன்ற ஆணையும் வேண்டியதில்லை. கார் நகர்ந்துவிடக் கூடியது என்ற அடிப்படையில், மதுவிலக்குக் காலத்து வழக்கொன்றில் 1925-இல் ஏற்பட்ட விதி இது. அது பயணியின் பையையும் தொடும் என்று 1999-இல் வயோமிங் மாநில வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் முடிவாயிற்று. ஓட்டுநரின் சட்டைப் பையில் ஊசிக்குழல் இருந்தது. போதைப்பொருள் ஏற்றிக்கொள்ளத்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். உடனே பின் இருக்கையில் கிடந்த பெண் பயணி ஒருவரின் கைப்பையைப் போலீஸ் திறந்தது. தேடும் பொருளை ஒளித்து வைக்கக் கூடிய எந்தப் பையையும், அது யாருடையதாக இருந்தாலும் திறக்கலாம் என்று ஆறு நீதிபதிகள் கூறினர், மூவர் மறுத்தனர். மூவர் பக்கமே நியாயம் இருப்பதாக நான் நினைக்கிறேன். ஓட்டுநரின் குற்றம் பக்கத்தில் இருப்பவரின் பைக்குள் எப்படிப் போய்ச் சேரும்? எனினும் இன்றைய சட்டம் அதுதான். அந்த அனுமதியும் பையோடு நின்றுவிடுகிறது. பயணியின் உடலையும் உடுத்திய உடையையும் சோதிக்க அது இடம் தராது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பயத்தில் பை என்னுடையது அல்ல என்று சொல்லிவிட்டால், அதைத் திறந்ததை எதிர்த்துக் கேட்கும் உரிமையும் பெரும்பாலும் அதோடு போய்விடும்.

கேள்வி: மகனைப் பார்க்க எடிசனுக்கு வந்திருக்கிறோம். நியூ ஜெர்சி டர்ன்பைக்கில் மகனின் காரைப் போலீஸ் நிறுத்தியபோது, பின் இருக்கையில் இருந்த என் கணவரைக் கீழே இறங்கச் சொல்லி அடையாள ஆவணம் கேட்டார்கள். பாஸ்போர்ட் வீட்டில் இருந்தது. வயதானவர், மிகவும் பயந்துவிட்டார். பயணியை இப்படி இறக்கலாமா? (திருச்சியிலிருந்து வந்திருக்கும் தாய்)

பதில்: உங்கள் கணவரின் பயம் புரிகிறது, அம்மா. இறங்கச் சொல்வது, ஆவணம் கேட்பது என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நாடு முழுவதற்குமான விதி, போலீஸ் காரணம் எதுவும் காட்டாமல் பயணிகளை இறங்கச் சொல்லலாம் என்பதே. அதிகாரியின் பாதுகாப்பைக் கருதி உச்ச நீதிமன்றம் 1997-இல் மேரிலாண்ட் எதிர் வில்சன் வழக்கில் இதை அனுமதித்தது. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் தன் அரசியல் சட்டத்தின் கீழ் குடிமக்களுக்குக் கூடுதல் பாதுகாப்புத் தரலாம். நீங்கள் தங்கியிருக்கும் நியூ ஜெர்சி அப்படித் தந்த மாநிலங்களில் ஒன்று. அம்மாநில உச்ச நீதிமன்றம் 1994-இலேயே, பயணியை இறக்குவதற்கு, கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுகிறது என்று காட்டும் குறிப்பான காரணங்களை அதிகாரி சொல்லக் கூடியவராக இருக்க வேண்டும் என்று கூறிவிட்டது. வாஷிங்டன் மாநிலமும் 1999-இல் ஏறத்தாழ இதே நிலையை எடுத்தது. இருந்தாலும் இறங்கச் சொன்னால் இறங்குவதே முறை. காரணம் இருந்ததா என்ற விசாரணை பிறகு நடக்க வேண்டியது. சாலை ஓரத்தில் மறுத்து அமர்ந்திருப்பது ஆபத்தானது.

அடையாள ஆவணத்தைப் பொறுத்தவரை, ஓட்டுநர் உரிமத்தைக் காட்டும் கடமை ஓட்டுபவருக்கு உரியது. பயணியிடம் அதிகாரி கேட்கலாம்; குற்றச் சந்தேகம் எதுவும் இல்லாத பயணி கட்டாயம் காட்ட வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2004-இல், தனிப்பட்ட காரணமின்றிப் பயணியிடம் அடையாள ஆவணம் கேட்பதே அம்மாநில அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றது. கலிஃபோர்னியா, அரிசோனா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் 2019-இல், சந்தேகம் ஏதுமின்றிப் பயணியின் பெயரைக் கேட்டு வற்புறுத்தி நிறுத்தத்தை நீட்டிக்கக் கூடாது என்றது. எங்கே இருந்தாலும் பொய்ப் பெயர் சொல்வது கூடாது. பல மாநிலங்களில் அதுவே தனிக் குற்றம்.

இவை அனைத்தையும் தாண்டி, வெளிநாட்டவருக்கு ஒரு தனிக் கடமை இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய, அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஒவ்வொருவரும் தம் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்கிறது கூட்டாட்சிக் குடியேற்றச் சட்டம். பார்வையாளருக்கும் எச்-1பி விசாவில் இருப்பவருக்கும் வருகைப் பதிவான ஐ-94 படிவம், நிரந்தரக் குடியிருப்பாளருக்குக் கிரீன் கார்டு ஆகியவை அந்த ஆவணங்கள். நியூ ஜெர்சி தலைமை வழக்கறிஞர் 2018-இல் வெளியிட்ட ஆணை, குடியேற்ற நிலையை மட்டும் காரணமாக வைத்து ஒருவரை நிறுத்தவோ விசாரிக்கவோ கூடாது என்று அம்மாநிலப் போலீசாருக்குச் சொல்கிறது. டெக்சஸில் நிலைமை நேர்மாறு. சட்டப்படி தடுத்து வைக்கப்பட்டவரிடம் குடியேற்ற நிலையைக் கேட்பதை உள்ளூர் நிர்வாகங்கள் தடை செய்யக் கூடாது என்று 2017-இல் அங்கே சட்டமே வந்தது. ஆகவே ஐயா வெளியே செல்லும்போது ஐ-94 படிவத்தின் அச்சுப் பிரதியையும் பாஸ்போர்ட்டையும் உடன் எடுத்துச் செல்லட்டும்.

கேள்வி: என் மகன் மேரிலாண்டில் முதுநிலை படிக்கிறான். அறை நண்பர்களோடு காரில் சென்றபோது போலீஸ் நிறுத்தி, பின் இருக்கையில் ஏதோ போதை மாத்திரைகளைக் கண்டெடுத்து மூவரையும் கைது செய்திருக்கிறது. மகன் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறான். கார் அவனுடையது அல்ல. எங்களுக்கு என்ன வழி இருக்கிறது? (தந்தை, கோயம்புத்தூர்)

பதில்: வருந்துகிறேன். முதலில் கைதைப் பற்றிச் சொல்கிறேன். மேரிலாண்டில் 1999-இல் நடந்த ஒரு நிகழ்ச்சியில், விடியற்காலை மூன்று மணிக்கு மேல் நிறுத்தப்பட்ட காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் 763 டாலர் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பின் இருக்கையின் கைதாங்கிக்குப் பின்னால் ஐந்து சிறு பொட்டலங்களில் கொக்கெய்ன் இருந்தது. மூவரில் ஒருவரும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாததால் மூவரும் கைதாயினர். முன் இருக்கைப் பயணியான பிரிங்கிளின் வழக்கில், மூவரில் எவரும் அதை அறிந்து வைத்திருக்கக் கூடியவரே என்று கருத இடமிருப்பதால் கைது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் ஒருமனதாகக் கூறியது. ஆகவே கைதே தவறு என்ற வாதம் எடுபடுவது கடினம். ஆனால் கைதுக்குப் போதுமானது தண்டனைக்குப் போதாது; மாத்திரைகள் அவனுடைய அறிவோடும் கட்டுப்பாட்டிலும் இருந்தன என்பதை ஐயத்துக்கு இடமின்றி அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும்.

அடுத்து, சோதனையை எதிர்க்க முடியுமா என்பது. பயணியின் நிலை மிகவும் பலவீனமாக இருப்பது இந்த இடத்தில்தான். இல்லினாய் மாநிலத்தில் துணிக்கடைக் கொள்ளைக்குப் பிறகு நிறுத்தப்பட்ட கார் ஒன்றில், பயணியின் இருக்கைக்கு அடியில் குழல் அறுக்கப்பட்ட துப்பாக்கி கிடைத்தது. கார் தங்களுடையது என்றோ துப்பாக்கி தங்களுடையது என்றோ பயணிகள் உரிமை கோரவில்லை. அப்படியானால் இருக்கையின் அடிப்பகுதியிலும் டேஷ்போர்டுப் பெட்டியிலும் உங்களுக்கு அந்தரங்க உரிமை இல்லை, சோதனை சட்டவிரோதமாகவே இருந்தாலும் அதை எதிர்க்க உங்களால் முடியாது என்று ராக்கஸ் வழக்கில் 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. பயணியை அந்தப் பொருளின் பேரில் சிறைக்கு அனுப்பலாம், ஆனால் அதே பொருள் கைப்பற்றப்பட்ட முறையைப் பற்றி அவர் பேசக் கூடாது என்றால் அது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. நியூ ஜெர்சியின் உச்ச நீதிமன்றத்துக்கும் தோன்றவில்லை. 1981-இல் அது இந்தத் தீர்ப்பைத் தன் மாநிலத்துக்கு ஏற்க மறுத்து, பொருளை வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட எவரும் சோதனையை எதிர்க்கலாம் என்றது. உங்கள் மகன் இருப்பது நியூ ஜெர்சியில் அல்ல என்பதால் அந்தப் பாதை அவனுக்கு இல்லை.

இருந்தாலும் இன்னொரு பாதை திறந்திருக்கிறது. அது மிகவும் முக்கியமானது. காரைச் சோதித்ததை எதிர்க்க முடியாதவர், காரை நிறுத்தியதை எதிர்க்க முடியும். கலிஃபோர்னியாவின் யூபா சிட்டியில் 2001-இல் ஒரு காரைப் போலீஸ் நிறுத்தியது. பதிவு காலாவதியாகியிருந்தாலும் புதுப்பிப்பு நடந்துகொண்டிருப்பதை அதிகாரி ஏற்கெனவே விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார். தற்காலிக அனுமதியும் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்தது. நிறுத்தியதற்குப் போதிய காரணம் இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டது. ஆனால் நிறுத்தப்பட்டவர் ஓட்டுநர்தான், பயணி அல்ல என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயணியான பிரெண்ட்லினின் மேல்முறையீட்டில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2007-இல் அதை மாற்றினர். போலீஸ் நிறுத்திய காரிலிருந்து இறங்கிப் போய்விடலாம் என்று நியாய அறிவுள்ள எந்தப் பயணியும் நினைக்க மாட்டார். ஆகவே அவரும் தடுத்து வைக்கப்பட்டவரே, அந்தத் தடுப்புச் சட்டப்படியானதா என்று கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு என்றார் தீர்ப்பை எழுதிய நீதிபதி டேவிட் சூட்டர். நிறுத்தம் செல்லாது என்றால் அதன் விளைவாகக் கிடைத்த சாட்சியமும் பொதுவாக ஏற்கப்படாது.

எனவே மகனின் வழக்கறிஞர் முதலில் கேட்டு வாங்க வேண்டியவை, கார் எதற்காக நிறுத்தப்பட்டது என்ற பதிவும், போலீஸ் வண்டியின் கேமராக் காட்சியும், அதிகாரியின் உடற்கேமராக் காட்சியும். மகன் சோதனையைப் பற்றியோ மாத்திரைகளைப் பற்றியோ போலீசிடமும் அறை நண்பர்களிடமும் பேச வேண்டாம். குறுஞ்செய்தியிலும் எழுத வேண்டாம். மிக முக்கியமாக, சிறிய குற்றமாகக் குறைத்துத் தருகிறோம், ஒப்புக்கொள் என்று அரசுத் தரப்பு சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடக் கூடாது. குடிமகனுக்குச் சிறிய அபராதத்தோடு முடிகிற ஒப்புதல், மாணவர் விசாவில் இருப்பவரை நாடு கடத்துவதில் கொண்டுபோய் விடலாம். அந்த ஆபத்தைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என்று 2010-இல் பதில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரையும் சேர்த்துக் கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பயணியின் கைப்பேசியைப் போலீஸ் வாங்கிப் பார்க்கலாமா? நடப்பதைப் பயணி படம் பிடிக்கலாமா? (வாசகர், சார்லட்)

பதில்: பார்க்கக் கூடாது. கைது செய்யப்பட்டவரின் கைப்பேசிக்கே நீதிமன்ற ஆணை வேண்டும் என்று 2014-இல் ரைலி வழக்கில் ஒருமனதாக முடிவாயிற்று. அந்த வழக்கும் சான் டியேகோவில் ஒரு காரை நிறுத்தியதில் தொடங்கியதுதான். நீங்களாகத் திறந்து கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு பயன்படாது. படம் பிடிப்பதைப் பொறுத்தவரை, உங்கள் வட கரோலினாவிலேயே, நிறுத்தப்பட்ட காரில் இருந்து நேரலை செய்த பயணி ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். அப்படி நேரலை செய்வது பேச்சுரிமையின் பாதுகாப்புக்கு உட்பட்டது, அதைத் தடுக்கும் கொள்கை இருந்தால் அதற்கான நியாயத்தை நகர நிர்வாகம் காட்ட வேண்டும் என்று நான்காவது வட்டார நீதிமன்றம் 2023-இல் கூறியது. கைப்பேசியை எடுக்கும்போது, எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள்.

கேள்வி: அபராதச் சீட்டைக் கொடுத்த பிறகும், மோப்ப நாய் வரட்டும் என்று எங்களைக் காக்க வைத்தார்கள். இது முறையா? (வாசகர், ஒமாஹா)

பதில்: சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் காக்க வைத்தால் முறையல்ல. இதற்கான தீர்ப்பு உங்கள் நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்தே வந்தது. நெடுஞ்சாலையின் ஓரப்பகுதியில் ஓட்டியதற்காக நிறுத்தப்பட்ட ரோட்ரிகஸ் என்பவருக்கு எச்சரிக்கைச் சீட்டுக் கொடுத்த பிறகு, நாயைக் கொண்டு காரைச் சுற்றிவர ஏழெட்டு நிமிடம் பிடித்தது. சீட்டு எழுதும் வேலை முடிந்ததும் நிறுத்தத்தின் அதிகாரமும் முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் நீட்டிக்கத் தனிச் சந்தேகம் வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதினார். அந்த நேரத்தில் நாங்கள் போகலாமா என்று ஒரு முறை கேட்டு, கிடைக்கும் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பயணியும் தடுத்து வைக்கப்பட்டவரே என்பதால் இந்த நீட்டிப்பை எதிர்க்கும் உரிமை அவருக்கும் உண்டு. உடலைத் தடவிப் பார்ப்பதற்கும் இதுபோல ஒரு வரம்பு இருக்கிறது: அந்தப் பயணி ஆயுதம் வைத்திருக்கிறார், ஆபத்தானவர் என்று நினைக்க நியாயமான காரணம் அவரைப் பற்றியே இருக்க வேண்டும் என்று 2009-இல் அரிசோனா எதிர் ஜான்சன் வழக்கு சொல்கிறது.

கேள்வி: சவுத் பேட்ரே தீவிலிருந்து ஹூஸ்டன் திரும்பும் வழியில் சரீட்டா சோதனைச் சாவடியில் எல்லோரையும் குடியுரிமை கேட்டார்கள். எந்தத் தவறும் செய்யாத காரை நிறுத்த முடியுமா? (வாசகி, ஹூஸ்டன்)

பதில்: முடியும். இது போக்குவரத்து நிறுத்தம் அல்ல, எல்லைக் காவல் படையின் நிலையான சாவடி. இங்கே எந்தச் சந்தேகமும் இல்லாமல் காரை நிறுத்தி, உள்ளே இருப்பவர்களிடம் குடியுரிமை பற்றிச் சுருக்கமாகக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் அனுமதித்தது. அந்த வழக்குத் தொகுப்பில் நீங்கள் கடந்துவந்த அதே சரீட்டா சாவடியும் அடங்கியிருந்தது. ஆனால் கேட்பது வேறு, சோதிப்பது வேறு. இத்தகைய சாவடியில் சம்மதமோ தக்க காரணமோ இல்லாமல் காரைச் சோதிக்கக் கூடாது என்பது அதற்கு முந்தைய ஆண்டிலேயே, 1975-இல், ஒர்ட்டிஸ் வழக்கில் தீர்மானிக்கப்பட்டது. டிக்கியைத் திறக்கலாமா என்று அவர்கள் கேட்டால், டல்லாஸ் மாணவருக்குச் சொன்னதே உங்களுக்கும் பொருந்தும். பேருந்தில் வந்தாலும் பாதுகாப்பு உண்டு: டெக்சஸின் சியேரா பிளாங்கா சாவடியில், மேல் தட்டில் இருந்த பயணியின் துணிப்பையை அதிகாரி அழுத்திப் பிசைந்து பார்த்தது சட்டவிரோதமான சோதனை என்று 2000-இல் ஏழு நீதிபதிகள் கூறினர். அந்தப் பகுதிக்குச் செல்லும்போது, காரில் இருக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவருடைய ஐ-94 அல்லது கிரீன் கார்டும் பெட்டிக்குள் இல்லாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஆவணத்தை எடுப்பதற்காகப் பையைத் திறக்கும்போதே உள்ளே இருப்பவை அதிகாரியின் பார்வையில் படும், வெளிப்படையாகக் கண்ணில் படுவதைப் பார்க்க அவருக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை.